ஞாயிற்றுக்கிழமை ஒட்டு

வேலை இல்லை என்று வெல்டர் நீதிமன்றத்தில் சொன்னான்.

பட்டறையை மூடிவிட்டேன் என்றான். யாராவது கூப்பிட்டால் சாமான் ஏற்றி இறக்கப் போகிறேன் என்றான். சொல்லும்போது நீதிபதியைப் பார்க்கவில்லை. அவர் காதுக்குப் பக்கத்தில், சுவரில் இருந்த சுவிட்சுப் பலகையைப் பார்த்துச் சொன்னான்.

"என்னைப் பாத்துப் பேசுங்க," என்றார் நீதிபதி.

வெல்டர் தலையைத் திருப்பினான். இப்போது அவன் பார்வை நீதிபதியின் இன்னொரு காதுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

எதிர் பெஞ்சில் இருந்த அவன் மனைவி அதைக் கவனித்தாள். அவளிடமும் அவன் இப்படித்தான் பேசுவான். சேர்ந்து இருந்த கடைசி வருடத்திலேயே அது ஆரம்பித்துவிட்டது. முகத்துக்கு நேரே பார்க்காதவன் பொய்யன் என்று அவள் முடிவு கட்டி நாளாகிறது.

"உடம்புக்கு ஏதாவதா?" என்று நீதிபதி கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க. நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கிறவருக்கு ஏன் வேலை இல்லை?"

"கூப்பிட்டாத்தானேங்க போக முடியும்."

நீதிபதி எதையோ குறித்துக்கொண்டார். வழக்கு தள்ளிப்போனது.

*

மகள் அவளிடம் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம்வரை அப்பாவிடம். பிறந்தபோது கைக்குள் அடங்கும்படி இருந்ததால் வெல்டர் அவளைக் கடுகு என்று கூப்பிட்டான். பள்ளிக்கூடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே பெயராகிவிட்டது.

தாயும் மகளும் அவளுடைய அண்ணன் வீட்டில் இருந்தார்கள். அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்கள் படுக்கும் அறை புதுப்பெண்ணுக்கு வேண்டும்.

"உன்னைப் போகச் சொல்லலை," என்றாள் அண்ணி. "அறையத்தான் கேக்குறேன்."

"தெரியுது அண்ணி."

"நீ ஒரு ஆளுன்னா ஹால்ல எங்கயாவது சுருண்டுக்கலாம். கடுக ஏதாவது விடுதியில சேத்துடு. மாசத்துக்கு ஒரு தடவை போய்ப் பாத்துக்க. பிள்ளைங்க அங்க நல்லாத்தான் வளருதுங்க."

"யாரு பிள்ளைங்க?"

அண்ணி எழுந்தாள். தட்டுகளை அடுக்கினாள். கொஞ்சம் சத்தமாக அடுக்கினாள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வைகளை மடிப்பது அவள் வேலை. அந்தச் சம்பளத்தில் வாடகை கொடுத்தால் சாப்பாடு இல்லை, சாப்பிட்டால் வாடகை இல்லை. மகளுக்கென்று நீதிமன்றம் ஒரு தொகை விதித்தால் தனியாக ஓர் அறை எடுக்கலாம். இல்லாவிட்டால் கடுகு விடுதிக்கு. அவ்வளவுதான் வழக்கு.

வக்கீலம்மாவின் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. அங்கே எப்போதும் சூடான காகிதத்தின் வாசனை.

"கணக்கு சுலபம்மா," என்றார் வக்கீலம்மா. "பிள்ளைக்கு என்ன வேணும், உன்னால என்ன போட முடியும், அவரால என்ன தர முடியும். முதல் ரெண்டுக்கும் பில் இருக்கு. மூணாவதுதான் எப்பவும் ஒளிஞ்சுக்கும்."

"வேலை இல்லைங்கறாரு."

"எல்லா அப்பாவுக்கும் கோர்ட்டுப் படி ஏறினதும் வேலை போயிடும். இறங்கினதும் திரும்பக் கிடைச்சிடும்."

அவள் சிரிக்கவில்லை. வக்கீலம்மா தொடர்ந்தார்.

"என்ன சம்பாதிக்கிறார்னு மட்டும் கோர்ட்டு பாக்காது. என்ன சம்பாதிக்க முடியும்னும் பாக்கும். கையில தொழில் இருக்கு, உடம்பு நல்லாருக்கு, ஆனா சும்மா உக்காந்திருக்கேன்னா, உக்காந்திருக்கிறது உன் இஷ்டம், பிள்ளைக்கு எடுத்து வைன்னு சொல்லும். அவரு கை இன்னும் ஓடுதுன்னு ஒண்ணே ஒண்ணு காட்டு. மீதியை நான் பாத்துக்கறேன்."

*

அவன் கையை அவளுக்குத் தெரியும்.

எட்டு வருடம் பட்டறையில் அவன் பற்றவைத்ததை அவள்தான் கிரைண்டர் வைத்துத் தேய்த்தாள். இரும்பும் இரும்பும் சேருகிற இடத்தில் உருகி உறைந்து நிற்கும் கோட்டை அவர்கள் ஒட்டு என்பார்கள். ஒவ்வொருவர் ஒட்டும் ஒவ்வொரு மாதிரி. வெல்டர் முடிக்கும் இடத்தில் பற்றவைக்கும் ராடைச் சட்டென்று எடுத்துவிட மாட்டான். அரை விரல் அளவு பின்னால் இழுத்து, ஒரு சொட்டு விட்டு, அப்புறம்தான் எடுப்பான். ஒவ்வொரு ஒட்டின் கடைசியிலும் ஒரு சின்னக் கொக்கி நிற்கும். அதைத் தேய்க்கத்தான் அதிக நேரம் பிடிக்கும். இதை ஏன் விடுகிறீர்கள் என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கிறாள். அங்கேதான் விரிசல் விடும் என்பான்.

கடைசி வருடத்தில், செய்துகொடுத்த வாசல் கேட்டுகள் திரும்பி வரத் தொடங்கின. ஒட்டு கோட்டை விட்டு விலகியிருந்தது. "கிரைண்டர அழுத்தி அழுத்தி நீதான் கெடுக்குற," என்றான். அவள் மெல்லத் தேய்த்துப் பார்த்தாள். அப்போதும் திரும்பி வந்தன. ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை அவள் கையிலிருந்து பிடுங்கி வீசினான். அது கடுகு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த பெட்டியின் மேல் விழுந்து, நிற்காமல் சுழன்றது. அன்றைக்கே அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. வெளிச்சுவரை ஒட்டி இரும்புப் படிக்கட்டு ஏறியது. தீப்பிடித்தால் இறங்குவதற்கு. இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. தேநீர் நேரத்தில் சலவைக்கூடத்துப் பெண்கள் அதன் நிழலில் நிற்பார்கள். ஒருநாள் அவள் சும்மா கைப்பிடியில் கையை ஓட்டினாள். கட்டைவிரலில் கொக்கி தட்டியது.

அடுத்த கம்பியில் பார்த்தாள். அங்கேயும் இருந்தது. அதற்கடுத்த கம்பியிலும்.

தேநீரைக் கீழே வைத்துவிட்டுப் படியேறினாள். ஒட்டுகள் நேராக இருந்தன. நல்ல நாளில் அவன் போடுகிற ஒட்டு. ஆனால் படிக்கட்டுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில், வேறு மாதிரியும் இருந்தன. கோட்டுக்குப் பக்கத்தில் போய், திரும்பி வந்து, மறுபடி விலகி. அவற்றின் கடைசியிலும் கொக்கி இருந்தது.

அவசரத்தில் போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு வகையையும் போனில் படம் எடுத்தாள்.

"இந்தக் கோணலை எதுக்கு எடுத்த?" என்றார் வக்கீலம்மா. "இதக் காட்டினா, பாருங்க என் கட்சிக்காரருக்கு வேலையே தெரியாதுன்னு எதிர்ப் பக்கத்து வக்கீல் ஆரம்பிச்சிடுவாரு. நேரா இருக்கிறது மட்டும் போதும். மத்தத அழிச்சிடு."

அவள் அங்கேயே உட்கார்ந்து அழித்தாள்.

*

அடுத்த முறை கட்டடத்து மேஸ்திரி சாட்சிக்கு வந்தார். வராவிட்டால் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கே கடிதம் போகும் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். மேஸ்திரி கூண்டில் ஏறி நின்று, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மறுபடி பையிலேயே வைத்தார்.

"படிக்கட்டு வேலை யார் செஞ்சது?"

"அவருதாங்க." வெல்டரைக் காட்டினார். "நல்ல கைங்க. கொஞ்சம் மெதுவு."

"தினமும் வருவாரா?"

"வருவாருங்க. ஆனா மத்த நாளு போட்டதெல்லாம் சரியா வராது. அறுத்துப் போட்டுட்டு ஞாயித்துக்கிழமை திரும்பப் போடுவாரு. அன்னிக்குப் போட்டா கோடு கிழிச்ச மாதிரி வரும். லீவு நாள்ல வேலைக்கு வர்ற ஒரே ஆளு அவருதான். கூட அவரு பாப்பாவும் வரும்."

நீதிபதி நிமிர்ந்தார். "பாப்பா எதுக்கு?"

"சும்மா வேடிக்கை பாக்கும்ங்க. அப்பா மேல ரொம்பப் பாசம்."

பிள்ளைக்கான நாளைக்கூட வேலைக்குத்தான் செலவழிக்கிறார் என்று வக்கீலம்மா எழுந்து சொன்னார். வேலையே இல்லை என்று சொன்னவர். படங்களைக் கொடுத்தார். நீதிபதி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது நீங்க போட்டதா?"

வெல்டர் படத்தை வாங்கினான். முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, கடைக்கண்ணால் பார்த்தான். வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல இருந்தது.

"நான் போட்டதுதாங்க."

"அப்போ போன தடவை சொன்னது பொய்."

"ஆமாங்க."

"உங்க வேலைக்கு இடைஞ்சலா வேற ஏதாவது இருக்கா? இருந்தா இப்ப சொல்லலாம். நான் கேக்கத் தயார்."

வெல்டர் சுவிட்சுப் பலகைப் பக்கம் பார்த்தான். அவனுடைய வக்கீல் அவன் சட்டையை மெல்ல இழுத்தார். ஏதோ சொல்லச் சொல்கிறார் என்று தெரிந்தது. வெல்டர் கையை விலக்கிக்கொண்டான்.

"இல்லைங்க. ஒண்ணும் இல்லை."

தீர்ப்பு அடுத்த வாரம் வந்தது. எதிர்மனுதாரர் கைதேர்ந்த தொழிலாளி. நல்ல உடல்நிலையில் இருப்பவர். நீதிமன்றத்தின் கண்ணைப் பார்த்துப் பேச இயலாதவர். உண்மை வருமானத்தை மறைத்தவர். ஆகவே கைதேர்ந்த வெல்டரின் முழுக் கூலி எதுவோ அதையே அவர் வருமானமாகக் கொண்டு மகளின் பங்கு கணக்கிடப்படுகிறது. மாதத்தின் முதல் வாரத்துக்குள் கட்ட வேண்டும். தவறினால் பிடிவாரண்டு. ஞாயிற்றுக்கிழமைகள் முன்போலவே தொடரும்.

கேட்டதைவிடச் சற்று அதிகமாகவே வந்திருந்தது. வக்கீலம்மா அவள் தோளைத் தட்டினார்.

வராந்தாவில் வெல்டர் தூணில் சாய்ந்து நின்றான். அவள் கடந்துபோகும்போது, "போட்டோ நீதான் எடுத்தியா?" என்றான்.

இப்போதெல்லாம் அவனை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அவள் கூப்பிடுவதையே விட்டிருந்தாள். "ஆமா," என்றாள்.

"நேரா இருந்துச்சா?"

குத்திக்காட்டுகிறான் என்று நினைத்தாள். "நேரா இருந்ததத்தான் எடுத்தேன்."

"அது போதும்," என்றான்.

*

அறை சலவைக்கூடத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் கிடைத்தது. ஒரு ஜன்னல். கதவைத் திறந்தால் சுவர். கடுகு அந்தச் சுவரில் சாக்பீஸால் ஒரு ஜன்னல் வரைந்தாள்.

"கல்யாணத்துக்கு வந்துடு," என்றாள் அண்ணி. "தனி வீட்டுக்காரி ஆயிட்டேன்னு மறந்துடாத."

பணம் முதல் மாதம் வந்தது. இரண்டாம் மாதமும் வந்தது. மூன்றாம் மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் கடுகு கண்ணைத் திறக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."

"வெளிச்சம் குத்துது."

"இன்னும் ஜன்னலே திறக்கலை."

"குத்துதும்மா."

அவள் பிள்ளையின் இமையை விரலால் விலக்கினாள். கண் சிவந்திருந்தது. நீர் வழிந்தது. கடுகு தலையைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டாள்.

"மண்ணு விழுந்த மாதிரி உறுத்துதா?"

"ம்."

"ரெண்டு கண்ணுலயுமா?"

"ம்."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பட்டறைக்கு வந்த முதல் வருடம் அவளுக்கும் இது வந்திருக்கிறது. வெல்டிங் தீயை வெறுங்கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. பல மணிநேரம் கழித்துத்தான் கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்டதுபோல ஆரம்பிக்கும்.

"நேத்து அப்பா வெல்டிங் வைக்கிறதப் பாத்தியா?"

கடுகு தலையணைக்குள் இன்னும் புதைந்தாள்.

"கடுகு."

"கண்ணாடி போட்டுத்தான் பாக்குறேன். எனக்குன்னு ஒரு மாஸ்க்கு இருக்கு. அப்பா இப்போன்னு சொன்னதும் கீழ இறக்கிடணும். சில தடவை சொல்றதுக்குள்ள தீ வந்துடுது."

"நீ எதுக்குப் பாக்கணும்?"

"பாத்தாத்தானே சொல்ல முடியும்."

"என்ன சொல்லணும்?"

கடுகு தலையணைக்குள்ளிருந்தே பேசினாள். பாடம் ஒப்பிக்கிற குரல்.

"ராடு கோட்ட விட்டுப் போனா சொல்லணும். இடதுன்னா இடது முழங்கையத் தொடணும். வலதுன்னா வலது. நேரா போனா சும்மா இருக்கணும். அப்பாவுக்கு நடுவுல ஓட்டை இருக்காம். ஓரத்துல எல்லாம் தெரியுமாம். நீ நிக்கிறது தெரியும், உன் மூஞ்சி தெரியாது. கோடு தெரியவே தெரியாது."

அவள் போர்வையைப் பிள்ளையின் தோள்வரை இழுத்துவிட்டாள்.

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. சொன்னா நீ ஞாயித்துக்கிழமை விடமாட்டியாம். வேலை நின்னுட்டா கோர்ட்டுல அப்பாவப் புடிச்சிட்டுப் போயிடுவாங்களாம்." கொஞ்சம் நிறுத்தி, "நான் சொல்லலை. நீதான் கேட்ட," என்றாள்.

"ஆமா. நான்தான் கேட்டேன்."

நேராக இருந்த ஒட்டுகள் அவள் நினைவுக்கு வந்தன. ஞாயிற்றுக்கிழமை போட்டால் கோடு கிழித்த மாதிரி வரும் என்று மேஸ்திரி சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் படம் எடுத்தது இந்தப் பிள்ளையின் கண்ணை. அதை வைத்துத்தான் நீதிமன்றம் கணக்குப் போட்டது. இந்த அறைக்கு வாடகை கொடுத்ததும் அதுதான்.

கைக்குட்டையை நனைத்துப் பிள்ளையின் கண்மேல் வைத்தாள். சலவைக்கூடத்துக்குப் போன் செய்து வரவில்லை என்றாள்.

கண் டாக்டர் அதிகம் பேசுகிறவர் அல்ல. சொட்டு மருந்து விட்டார். இந்தத் தடவை ஆறிவிடும் என்றார். திரும்பத் திரும்ப வந்தால் ஆறாது என்றார். "நடுப்பார்வை போயிட்டா திரும்ப வராதும்மா. ஓரம் மட்டும் இருக்கும். பாக்குறதுக்குக் கண்ணு நல்லா இருக்கிற மாதிரியேதான் தெரியும்."

*

"அந்தக் கோணல் படமெல்லாம் இருக்கா?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

"மனு போடலாம். நிலைமை மாறிடுச்சு, தொகையைக் குறைங்கன்னு அவரு போடணும். போட்டா குறையும். ரொம்பவே குறையும், கண்ணு தெரியாத வெல்டருக்கு என்ன வருமானம். அப்போ பிள்ளையை எதுக்குப் பக்கத்துல வச்சிருந்தேன்னு கேப்பாங்க. ஞாயித்துக்கிழமை போகும். பிள்ளைய ஆபத்துல நிறுத்தினாருன்னு அவர்மேல இன்னொரு கேசும் வரலாம்."

"போடலைன்னா?"

"பணம் வர்றவரைக்கும் வரும். நின்னா வாரண்டு. உள்ள போனாலும் பாக்கி பாக்கிதான். அது ஏறிக்கிட்டே இருக்கும்."

"நான் என்ன செய்யணும்?"

"எங்கிட்ட கேக்காதம்மா. கேட்டா நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா நீ அதச் செய்யணும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இன்னிக்கு நீ இங்க வரலை. சரியா?"

படியிறங்கும்போது அவள் அண்ணிக்குப் போன் செய்தாள்.

"அந்த அறையில புதுப்பொண்ணு செட்டில் ஆயிட்டாளா அண்ணி?"

"ஏன், திரும்ப வர்றியா?"

"இல்லை. சும்மா கேட்டேன்."

"நல்லா ஆயிட்டா. அலமாரியையே மாத்திட்டா. உன் அண்ணனுக்குச் சட்டை எங்க இருக்குன்னே தெரியலை." அண்ணி சிரித்தாள். "விடுதி விசாரிச்சு வச்சேன், தெரியுமா. நம்பர் வேணுமா?"

"வேண்டாம் அண்ணி."

*

ஞாயிற்றுக்கிழமை வெல்டர் தெருமுனையில் நின்றான். தெருவைக் கடக்கும்போது வண்டிகளைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டுதான் கடக்கிறான் என்று அவள் இன்றைக்குத்தான் பார்த்தாள். இத்தனை நாள் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். கவனித்ததில்லை.

அவள் போய் எதிரில் நின்றாள்.

"கடுகு எங்க?" என்றான் அவள் காதைப் பார்த்து.

"வீட்டுல."

"அனுப்பு. நேரமாச்சு."

"என் மூஞ்சி தெரியுதா?"

அவன் தலையைச் சாய்த்தான். பிறகு நேராக வைத்தான். ஒரு சைக்கிள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"சொல்லிட்டாளா?"

"கண்ணு சொல்லுச்சு. ரெண்டு நாள் திறக்கலை."

வெல்டர் தரையில் உட்கார்ந்தான். உட்காரும் முன் கையால் தரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"இப்போ சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"மாஸ்க்கு சின்னதா ஒண்ணு தேடினேன். கிடைக்கலை. பெருசையே முடிச்சுப் போட்டுக் குடுத்தேன்."

"எப்பலேருந்து?"

"எது, கண்ணா?" கொஞ்சம் யோசித்தான். "பட்டறை இருக்கும்போதே."

"அப்போ கேட்டெல்லாம் திரும்பி வந்ததே."

"ஆமா."

"நான் கிரைண்டர அழுத்திக் கெடுத்தேன்னு சொன்ன." அவள் அவனை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. இருவருமே அதைக் கவனித்தார்கள்.

"நீ கெடுத்ததா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்," என்றான். "நீ கெடுத்திருந்தா என் கண்ணு நல்லா இருக்கும்."

அவள் அவனை அடிக்க நினைத்தாள். கையில் சாவிக்கொத்து இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோர்ட்டுல கேட்டாரே. கேக்கத் தயாரா இருக்கேன்னாரே. உன் வக்கீலே சட்டையப் புடிச்சு இழுத்தாரே."

"கண்ணு தெரியாத வெல்டர்னு எழுதிட்டா அப்புறம் எவன் கூப்பிடுவான்? சரி, அதுகூடப் போகட்டும். கண்ணு தெரியாதவங்கிட்ட பிள்ளைய எவன் அனுப்புவான்?" கையிலிருந்த தூசியைத் தட்டினான். "அதுக்கு இந்தக் காசு பரவாயில்லைன்னு நெனச்சேன். கட்டிடலாம்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமை ஒருநாள் ஒழுங்காப் போட்டாப் போதும். வாரத்த ஓட்டிடலாம்."

"அவ கண்ண வச்சு."

அவன் தரையில் கையூன்றி எழுந்தான்.

"இந்த வாரம் என்ன வேலை?"

"தண்ணித் தொட்டிக்கு ஸ்டாண்டு. மொட்டை மாடியில. இன்னிக்கு முடிக்கலைன்னா மேஸ்திரி வேற ஆளு பாத்துடுவாரு."

"முடிக்கலைன்னா இந்த மாசம்?"

"கட்ட முடியாது."

அவள் அறைக்குத் திரும்பிப் போனாள். கடுகு செருப்பு மாட்டித் தயாராக வாசலில் நின்றாள்.

*

மூவரும் ஏறிப்போனபோது புதுக் கட்டடத்தின் மொட்டை மாடியில் வேறு யாரும் இல்லை. லிஃப்ட் அறைச் சுவருக்குப் பின்னால் ஒரு சிமென்ட் பலகையைப் போட்டு அவள் மகளை உட்காரவைத்தாள். முகத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்தாள்.

"திரும்பினா?"

"திரும்பமாட்டேன்."

"சத்தம் கேட்டா?"

"திரும்பமாட்டேன்னு சொன்னேன்ல."

வெல்டர் இரண்டு எல் வடிவக் கோணக் கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். கடுகின் மாஸ்க் கருவிப் பையின் மேல் கிடந்தது. அவள் எடுத்தாள். வார் நடுவில் முடிச்சுப் போட்டிருந்தது. ஒரு முடிச்சு அல்ல. குறைத்துக் குறைத்துப் போட்ட முடிச்சுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒரு சின்னத் தலையின் சுற்றளவு. நகத்தால் அவிழ்க்க முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். கரியும் வியர்வையுமாக உப்புக் கரித்தது.

கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் தலையில் மாட்டிக்கொண்டு அவன் அருகில் குனிந்தாள்.

"இப்போ," என்றான் வெல்டர்.

கறுப்புக் கண்ணாடிக்குள் பச்சையாக ஒரு புள்ளி எரிந்தது. அதற்கு முன்னால் கோடு தெரிந்தது. புள்ளி கோட்டை விட்டு நகர்ந்தது.

"இடது," என்றாள். "இடது. இடதுங்கறேன்."

"அம்மா, சொல்லாத," என்று சுவருக்குப் பின்னாலிருந்து கடுகு கத்தினாள். "சத்தத்துல அப்பாவுக்குக் கேக்காது. முழங்கையத் தொடு."

அவள் அவன் இடது முழங்கையைத் தொட்டாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது அவனைத் தொட்டு. தோல் சூடாக இருந்தது. அவன் கை கொஞ்சம் நகர்ந்தது. அதிகமாக நகர்ந்துவிட்டது. வலது முழங்கையைத் தொட்டாள்.

ராடு தீர்ந்தது. அரை விரல் பின்னால் இழுத்து, ஒரு சொட்டு விட்டு, எடுத்தான். இருவரும் மாஸ்க்கைத் தூக்கினார்கள். அவள் சுத்தியலால் ஒட்டின் மேலிருந்த கசடைத் தட்டினாள். அது உதிர்ந்து கீழே விழுந்தது.

"நேரா இருக்கா?" என்றான் அவள் காதைப் பார்த்து.

அவள் ஒட்டைப் பார்த்தாள்.

"இல்லை."

"ரொம்பக் கோணலா?"

"நிக்காது."

சுவருக்குப் பின்னால் சத்தம் இல்லை. பிள்ளை திரும்பவில்லை.

வெல்டர் கையை நீட்டித் துழாவினான். கிரைண்டரின் வயரைப் பிடித்து, அதைப் பற்றிக்கொண்டே போய்க் கிரைண்டரை எடுத்தான். கைப்பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினான்.

"அறு," என்றான்.

அவள் வாங்கிக்கொண்டாள்.